அத்தை எண்ணிய எட்டுக் கண்கள்

என் மாமியார் சிலந்தி வளர்க்கிறார். டிப்போவில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. “மாமியார் ஒண்ணே போதாதா, கூட சிலந்தி வேறயா?” என்று என் கண்டக்டர் கேட்கிறார். சிரித்துவிட்டுப் போகட்டும். எங்கள் சமையலறை ஜன்னலில் அகலவாய் ஜாம் பாட்டில் ஒன்று இருக்கிறது. உள்ளே இரண்டு விரல் உயரத்துக்கு மண், மூலையில் நனைத்த பஞ்சு, ஒரு ஓட்டுத் துண்டு, அதன் அடியில் கால்களோடு சேர்த்தால் ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதான, பழுப்பு நிறத்தில் ஒரு சிலந்தி. மூன்று நாளைக்கு ஒரு ஈ அதற்குச் சாப்பாடு. அந்த ஈயைப் பிடித்துக் கொடுக்கிற உத்தியோகம் இப்போது என்னுடையது.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். துணி ஆலையில் செக்கிங் வேலை, முப்பத்தொரு வருஷமாக. சாய்ந்த கண்ணாடி மேஜை, அடியில் ட்யூப்லைட், மேலே ஓடிக்கொண்டே இருக்கிற துணி. ஓட்டை, கறை, விட்டுப்போன நூல் எது கண்ணில் பட்டாலும் மிஷினை நிறுத்தி, அம்புக்குறி போட்ட சிவப்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். இடுப்பில் சின்னப் பர்ஸ், அதற்குள் மடக்குக் கண்ணாடி, மடித்து வைக்கிற சின்னப் பூதக்கண்ணாடி ஒன்று. அதை விரித்துத் துணிமேல் வைத்து, ஒரு அங்குலத்துக்கு எத்தனை நூல் என்று எண்ணுவார். சூப்பர்வைசர் வந்து “இது தறிக் கோளாறு, ஒதுக்குங்க” என்றால் இவர் சொல்வது ஒரே வார்த்தை: “எண்ணிட்டுச் சொல்றேன் சார்.” முப்பத்தொரு வருஷத்தில் பதினான்கு சூப்பர்வைசர்கள் மாறிவிட்டார்கள். எண்ணுகிற பழக்கம் மட்டும் மாறவில்லை.

மாமனார் போன பிறகு எங்களோடு வந்து சேர்ந்தார். மகன் வேறு ஊரில் இருக்கிறார், ஆலை இங்கே இருக்கிறது, அதனால் இங்கே. மூன்று ரூம் வீட்டில் ஒரு ரூம் போயிற்று. வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, எனக்கு அதில் ஒரு முணுமுணுப்பு இருந்தது. நான் மடித்து வைத்த சட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து “இந்தப் பக்கம் நூல் விட்டிருக்கு மாப்பிள்ளை” என்பார். சட்டை வாங்கி ஆறு வருஷம் ஆகியிருக்கும். சுருக்கென்று கோபம் வரும். பல்லைக் கடித்துக்கொண்டு டூட்டிக்குப் போய்விடுவேன்.

அன்றும் டூட்டிக்குத்தான் கிளம்பினேன். கழுவிய ஷூவைக் கொல்லையில் குழாயடியில் கவிழ்த்து வைத்திருந்தேன். இடது காலை உள்ளே விட்டு ஒரு அழுத்து அழுத்தினேன். பாதத்தில் ஊசி இறங்கியது மாதிரி ஒரு வலி. காலை உதறியதும் ஷூவிலிருந்து குதித்து ஓடியது இந்த மகராசி. நான் துடைப்பத்தை ஓங்கிவிட்டேன். அதற்குள் எங்கிருந்தோ அத்தை வந்து, கையிலிருந்த டம்ளரைக் கவிழ்த்து அதை மூடிவிட்டார்.

“விடுங்க அத்தை, அது என்னைக் கடிச்சிடுச்சு.”

“கடிச்சது எதுன்னு டாக்டர் கேட்டா, நசுங்கினதையா காட்டுவீங்க?”

நியாயமான பேச்சுதான். டம்ளருக்கு அடியில் காலண்டர் அட்டையைச் செருகி, தூக்கி, ஜாம் பாட்டிலுக்குள் தட்டினார். மூடியில் ஆணியால் ஐந்தாறு ஓட்டைகளும் போட்டார்.

சாயங்காலத்துக்குள் கால் வீங்கிவிட்டது. பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் வந்து பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு போனைத் தேய்த்தார். ஒரு படத்தைக் காட்டி, என் போனுக்கும் அனுப்பினார். முதுகில் வயலின் மாதிரி கறுப்புக் குறி உள்ள ஒரு சிலந்தி. அது கடித்தால் சதை அழுகுமாம். எங்கள் பாட்டிலில் இருந்ததன் முதுகிலும் கறுப்பாக ஏதோ கோடு இருந்தது. நான் டவுன் பஸ் ஓட்டுகிறவன். இடது கால் என்பது எனக்குக் கிளட்ச். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் தடவையாவது மிதிக்கிற கால். அது போனால் பதினேழு வருஷ வேலையும் போயிற்று; வேறு ஒரு வேலையும் எனக்குத் தெரியாது.

மறுநாள் டாக்டரிடம் போனபோது நான் காலைக் காட்டியதைவிடப் போனைக் காட்டியதுதான் அதிகம். “இந்தச் சிலந்திதான் சார். கண்ணால பார்த்தேன் சார்” என்று அடித்துச் சொன்னேன். பாட்டிலைக் கொண்டுபோகச் சொல்லி அத்தை நீட்டினார். அதை யார் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போவது என்று வைத்துவிட்டுப் போயிருந்தேன். டாக்டரும் சிலந்திக் கடிக்கு உண்டான மாத்திரை எழுதி, “வீக்கம் குறையலைன்னா வாங்க” என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் பேசிய பேச்சில் வேறு எதையும் யோசிக்க அவருக்கு எங்கே இடம் இருந்தது?

நான் கட்டிலில் காலை நீட்டிக் கிடக்க, அத்தை ஆலையிலிருந்து வந்ததும் நேராகப் பாட்டிலிடம் போவார். முகம் கழுவுவதுகூட அப்புறம்தான். பஞ்சை நனைப்பார், ஈயைப் போடுவார், மடக்குக் கண்ணாடியைப் பாட்டிலோடு ஒட்டி வைத்துக்கொண்டு குனிந்து நிற்பார். அது முகத்தைக் காட்டாமல் திரும்பிக்கொண்டே இருக்கும். அவரும் பாட்டிலைத் திருப்புவார். மூன்றாம் நாள் அதன் வால் பக்கத்தில் மிளகு பருமனுக்கு வெள்ளையாக ஒரு உருண்டை ஒட்டியிருந்தது. “முட்டைப் பைடி. புள்ளத்தாச்சியா இருந்திருக்கா” என்று என் மனைவியிடம் சொன்னது எனக்குக் கேட்டது. எனக்கு எரிச்சலாக வந்தது. இங்கே ஒருத்தனுக்குக் கால் போய்க்கொண்டிருக்கிறது, அங்கே சீமந்தம் நடக்கிறது.

எலக்ட்ரீஷியன் படத்தை மட்டும்தான் காட்டினார். அதன் கீழே எழுதியிருந்ததை அத்தை என் மனைவியைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அந்த வயலின் சிலந்திக்கு ஆறே கண். இரண்டு இரண்டாக மூன்று ஜோடி. ஐந்தாம் நாள் சாயங்காலம் என் கட்டில் பக்கம் வந்து நின்றார்.

“மாப்பிள்ளை, இதுக்கு எட்டுக் கண்ணு இருக்கு. கீழ வரிசையா சின்னச் சின்னதா நாலு. அதுக்கு மேல பெரிசா ரெண்டு. பின்னாடி தள்ளி இன்னும் ரெண்டு. மூணு தடவை எண்ணிட்டேன். போன்ல தேடிப் பார்க்கச் சொன்னேன், இது ஓநாய்ச் சிலந்தியாம். வலை பின்னாது, ஓடிப் பிடிக்கும். கடிச்சாலும் எறும்பு கடிச்ச மாதிரிதானாம். அப்போ உங்க கால் எதனால வீங்குது? வேற ஏதோ இருக்கு. நாளைக்கே டாக்டர்கிட்ட போகணும்.”

கால் அன்று பானை மாதிரி இருந்தது. கணுக்காலுக்கு மேலே சிவப்பு ஏறியிருந்தது, குளிர் ஜுரம் வேறு. அந்த நேரத்தில் எனக்குக் காதில் விழுந்தது ஒன்றுதான்: இந்த அம்மா சிலந்திக்கு வக்காலத்து வாங்குகிறார்.

“எட்டோ எண்பதோ. என் காலைவிட அந்தப் பூச்சி உங்களுக்குப் பெரிசா போச்சு. அது இந்த வீட்டுல இருக்கக் கூடாது. அதை வச்சுக்கிறவங்க அதோடவே போகலாம்.”

என் மனைவி “என்னங்க” என்றாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அத்தை மடக்குக் கண்ணாடியை மடித்துப் பர்ஸில் வைத்தார். “சரி மாப்பிள்ளை” என்றார். அவ்வளவுதான்.

காலையில் எழுந்தபோது ஜன்னலில் பாட்டில் இல்லை. அத்தையும் இல்லை. “அம்மா அண்ணன் வீட்டுக்குப் போயிட்டாங்க போல” என்றாள் என் மனைவி. “வேலைக்குப் போயிருப்பாங்க” என்றேன் வீறாப்பாக. அன்று ஆலை விடுமுறை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன். டாக்டர் உடனே வரச் சொல்கிறாராம், ஆட்டோவில் வர வேண்டுமாம், காலை ஊன்றக் கூடாதாம். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அங்கே நடந்ததை நர்ஸ்தான் பிறகு சொன்னார். அத்தை ஏழு மணிக்கே போய்த் தன் பேரில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்கிறார். மடியில் பை, பைக்குள் பாட்டில். முறை வந்ததும் உள்ளே போய், சிலந்திக் கடிக்கு வந்தவரின் மாமியார் என்று சொல்லியிருக்கிறார். டாக்டர் “உங்களுக்கு என்ன செய்யுது?” என்று கேட்டாராம்.

“எனக்கு ஒண்ணும் செய்யல. இதோட கண்ணை மட்டும் எண்ணிச் சொல்லுங்க” என்று பாட்டிலையும் மடக்குக் கண்ணாடியையும் மேஜைமேல் வைத்திருக்கிறார்.

நர்ஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லையாம். டாக்டர் சிரிக்கவில்லை. கண்ணாடியை வாங்கி எண்ணியிருக்கிறார். எட்டு. நிமிர்ந்து, “உங்க மருமகன் அவ்வளவு உறுதியா சொன்னாரே” என்றாராம். “அவர் பார்த்தது நிஜம்தான் சார். ஷூல இருந்து இது ஓடினதைப் பார்த்தார். கடிச்சதைப் பார்க்கலையே” என்றாராம் அத்தை.

என்னைப் படுக்க வைத்து, பாதத்தில் ஜில்லென்று பசை தடவி ஸ்கேன் பார்த்தார்கள். பெருவிரலுக்குக் கீழே சதைக்குள் மரச் சிராய், தீக்குச்சியில் பாதி நீளம். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. ஷூ போட்டதற்கு முதல் நாள் சாயங்காலம், பழைய கட்டில் பலகையை வெறுங்காலோடு மிதித்து உடைத்தேன். ஏதோ குத்தியது. நுனியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அதோடு மறந்துவிட்டேன். மிச்சம் உள்ளேயே இருந்திருக்கிறது. காலையில் ஷூவுக்குள் அழுத்தியதும் அது இன்னும் ஆழமாகப் போயிருக்கிறது. ஷூவில் தூங்கிக்கொண்டிருந்த பாவத்துக்குப் பழி சிலந்திமேல்.

மதியமே மரத்துப்போக ஊசி போட்டு, கீறி, எடுத்து, சீழைக் கழுவிக் கட்டுப் போட்டார்கள். டாக்டர் அந்தச் சிராயைத் தட்டில் வைத்துக் காட்டினார். “இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா எலும்புல இறங்கியிருக்கும். அப்புறம் விரலா, பாதமான்னு யோசிக்க வேண்டி வந்திருக்கும்” என்றார்.

வார்டில் கட்டிலின் ஓரத்தில் அத்தை ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பாட்டில் ஜன்னலோரம், வெயில் படாத இடத்தில். எனக்கு வேர்த்துக் கொட்டியது. துடைக்கத் துண்டு இருக்குமா என்று என் மனைவி அத்தையின் பையைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். எட்டிப் பார்த்தேன். நாலு புடவை, பிரஷர் மாத்திரை டப்பா, ஆலை அடையாள அட்டை. எல்லாவற்றுக்கும் அடியில், துண்டில் சுற்றி, மாமனாரின் போட்டோ. எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தது.

இரண்டு நாள் தங்கப் போகிறவர் போட்டோவைக் கழற்றுவதில்லை.

“எங்கேம்மா கிளம்பினே?” என்றாள் என் மனைவி.

“அண்ணன் வீட்டுக்குத்தான். மாப்பிள்ளை சொன்னாரில்ல” என்றார் அத்தை. குத்திக் காட்டுகிற குரல் இல்லை. நூல் விட்டிருக்கு என்பாரே, அதே குரல். “போற வழியில இதை ஒரு எட்டு டாக்டர்கிட்ட காட்டிட்டுப் போகலாம்னு வந்தேன். நாலரை வண்டிக்குப் போயிடலாம்னு இருக்கேன். கால் நல்லாயிடும்னு சொல்லிட்டாங்களே.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. வெளியே போ என்று நான் சொன்ன சொல்லைத் தூக்கிக்கொண்டே வந்து, என் காலுக்காக நாலு மணி நேரம் டோக்கனோடு உட்கார்ந்திருக்கிறார். ஒரு சுடுசொல் இல்லை. எனக்குப் பெற்ற தாய் இருந்திருந்தாலும் இதைச் செய்திருப்பாளா, தெரியாது. நன்றி என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. அது இந்த விஷயத்துக்குக் காணாது என்று பட்டது. மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை. எனக்குத் தெரிந்தது பஸ் ஒன்றுதான். பதினேழு வருஷத்தில் ஒரு பயணியிடம்கூட நேரத்தை மாற்றிச் சொன்னதில்லை.

“நாலரை வண்டி போயிடுச்சு அத்தை” என்றேன்.

கட்டிலுக்கு எதிரே சுவரில் பெரிய கடிகாரம். மணி நாலு பத்து. ஒரு நூல் விட்டுப்போனால் மிஷினை நிறுத்துகிற கண் அந்தக் கடிகாரத்தை நிதானமாகப் பார்த்தது. அப்புறம் என்னைப் பார்த்தது.

“அடுத்தது எப்போ?”

“இனிமே அந்தப் பக்கம் வண்டியே இல்ல அத்தை.”

நாற்பது நிமிஷத்துக்கு ஒன்று ஓடுகிற தடம் அது. என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அத்தை பையிலிருந்து போட்டோவை எடுத்து, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து மகளிடம் நீட்டினார்.

“நீ முன்னாடி வீட்டுக்குப் போவேயில்ல, இதை மாட்டிடு. ஆணி அங்கேயேதான் இருக்கு.”