இருமல் உள்ளவர்கள் கடைசியாக

சின்னத்தங்கம் தன் வாழ்நாளில் ஒரேயொரு மனிதனின் எலும்பைத்தான் உடைத்தாள். அவள் கட்டிப் பொருத்திய எலும்புகள் எத்தனையோ. உடைத்ததையும் அவளே கட்டினாள் என்பதால், ஊரில் அதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. சிரிப்பதற்கு அதில் அதிகம் இல்லை.

அவள் மிஷன் ஆஸ்பத்திரியில் மூன்றரை வருடம் நேர்ஸ் வேலை பழகியவள். காயம் கழுவ, தையல் போட, பிள்ளைப்பேறு பார்க்க, பிணத்தைத் துடைத்துக் கிடத்த எல்லாம் தெரியும். இருபத்தைந்து வயதில் சிமியோன் போதகரைக் கட்டிக்கொண்டு, உரும்பிராய்க்கு அப்பால் பனிச்சையடிச் சபைக்கு வந்தாள். அப்போது அந்தச் சபையில் ஐம்பது குடும்பங்கள் இருந்தன. தோட்டக்காணி உள்ளவர்கள் முன்னால் வாங்குகளில் உட்காருவார்கள். பனையேறும் குடும்பங்கள் பின்னால் பாயில் உட்காருவார்கள். ஒரே வேதம், ஒரே பாட்டு, இரண்டு உயரம்.

சிமியோன் நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். பயந்த நல்ல மனிதரால் எவ்வளவு சேதம் வரும் என்பதைச் சின்னத்தங்கம் பின்னால்தான் கண்டாள். துணிந்து அவர் செய்திருந்த காரியம் ஒன்றே ஒன்று. மிஷன் வளவுக் கிணற்றில் பனையேறும் குடும்பத்துப் பெண்கள் தங்கள் கையாலேயே தண்ணீர் அள்ளலாம் என்று விட்டிருந்தார். அதுவரை யாராவது அள்ளி ஊற்றும்வரை அவர்கள் குடத்தோடு காத்து நிற்க வேண்டும்.

சிமியோனோடு செமினரியில் படித்தவர்கள் மொத்தம் ஆறு பேர். படிப்பு முடிந்த நாளில் ஆறு பேரும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். ஒவ்வொரு ஆவணியிலும் ஒருவருடைய சபையில் கூடுவது. மூன்று நாள் தங்கி வீடு வீடாகப் போய், அந்தச் சபைக்கு என்ன நோய் என்று பார்த்து, முகத்துக்கு நேரே சொல்வது. ஞாயிற்றுக்கிழமைத் திருவிருந்தில், ஒப்பந்தம் செய்த அன்றே சீட்டுப் போட்டு எடுத்த வரிசைப்படி, முறை வந்தவர் எல்லோருக்கும் திராட்சரசக் கிண்ணம் கொடுப்பது. வரிசையை யாருக்காகவும் மாற்றுவதில்லை.

பதினொரு வருடம் அது மாறாமல் நடந்தது. 1933ஆம் ஆண்டு கூடவேண்டிய இடம் பனிச்சையடி. கிண்ணம் கொடுக்கும் முறை மரியரட்ணத்துக்கு. அவர் கரவெட்டிப் பக்கத்துச் சபை ஒன்றின் போதகர். அவருடைய தகப்பன் பனையேறியவர்.

ஆனி மாதமே சபை மூப்பர் சோமசேகரம் வந்து கதிரையில் உட்கார்ந்தார். பெரிய தோட்டக்காரர், பெரிய மீசை, ஓயாத இருமல்.

"உவன்ரை கையாலை வாங்கிக் குடிக்க எங்கடை ஆக்கள் வராயினம், ஐயா. வந்தாலும் வெறுங்கையோடை வராயினம்."

அவர் போனபிறகு சிமியோன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் முகம் தெளிந்து சமையலறைக்கு வந்தார்.

"இஞ்சாரும், ஒரு கிண்ணத்திலை எல்லாரும் வாய் வைச்சுக் குடிச்சால் கசம் தொத்தும் எண்டு நீர்தானே ஒருக்காச் சொன்னனீர்?"

"ஓம். தொத்தலாம்."

"கொழும்பிலை ஒரு கோயிலிலை சின்னச் சின்னக் கிளாசிலை குடுக்கினமாம். தட்டிலை வைச்சால் அவையவை எடுத்துக் குடிப்பினம். ஆரின்ரை கையாலை வாங்கினது எண்ட கதையே வராது."

சின்னத்தங்கம் அடுப்பை ஊதுவதை நிறுத்தினாள். "அப்ப இது கிருமிக்குப் பயந்து இல்லை."

"கிருமியும் மெய்தானே? நான் சொன்னால் சோமசேகரத்தார் சூட்சுமத்தைப் பிடிச்சிடுவர். நீர் நேர்ஸ், நீர் சொன்னால் சனம் கேக்கும்."

அவள் ஒத்துக்கொண்டாள். கிருமி என்பது மெய். அந்த வருடம் சபையில் மூன்று பேர் கசத்தில், காசநோயில், செத்திருந்தார்கள். அது ஒரு காரணம். படித்த படிப்பைப் பற்றி ஒருவரும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை என்பது இன்னொரு காரணம். இரண்டாவதுதான் பெரிய காரணம் என்பது அவளுக்கே தெரியும்.

அடுத்த ஞாயிறு எழுந்து நின்று, எச்சிலில் என்ன இருக்கிறது, ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்கு அது எப்படிப் போகிறது என்று தெளிவாகச் சொன்னாள். முன்வாங்குகளில் தலைகள் ஆடின. பின்னால் பாயில் ஒரு தலையும் ஆடவில்லை. அதை அவள் கண்டாள். அதன் பொருள் அப்போது விளங்கவில்லை.

புதன்கிழமை விளங்கியது.

மத்தியானம் கிணற்றடியில் கூக்குரல் கேட்டு ஓடினாள். மார்த்தாள் சேற்றில் குப்புறக் கிடந்தாள். பனையேறும் குடும்பத்துப் பெண், முப்பது வயது இருக்கும். சோமசேகரத்தின் தங்கை மகன் கதிரவேலு தண்ணீர் அள்ளும் பட்டையோடு கயிற்றைச் சுழற்றி அவள் தலையில் அடித்திருந்தான். விழுந்த பிறகு வாயில் மிதித்திருந்தான். முன்பல் இரண்டு சேற்றில் கிடந்தன.

"இனி ஒருத்தியும் இஞ்சை அள்ளப்படாது. எச்சில் கிருமி. போதகர் அம்மாவே கோயிலிலை சொன்னவ!" என்று சொல்லிவிட்டு அவன் கையைக் கழுவிக்கொண்டு போனான்.

சின்னத்தங்கம் அவளைத் தூக்கிவந்து விறாந்தையில் கிடத்தி ஒன்பது தையல் போட்டாள். மயக்கமருந்து கிடையாது. மார்த்தாள் அழவில்லை. தையல் முடியும்போது வாயிலிருந்த இரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னாள்.

"நீங்கள் சொன்னதெண்டுதான் அடிச்சவன், அம்மா. எங்கடை வாயிலை மட்டுமே அது கிடக்கு?"

சின்னத்தங்கத்திடம் பதில் இருந்தது. அந்தப் பதிலை ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை சோமசேகரத்தின் வைக்கோற்போர் எரிந்தது. யார் வைத்த நெருப்பென்று இன்றுவரை தெரியாது. சனிக்கிழமை பட்டப்பகலில் இருபது பேர் போய், பனையேறும் குடும்பங்கள் இருந்த பனையடிவளவில் ஏழு குடிசைகளுக்கு நெருப்பு வைத்தார்கள். அவர்களை எல்லோருக்கும் தெரியும். ஒரு கிழவன் ஆட்டை அவிழ்க்கப் போய் இரண்டு கையும் வெந்து வந்தான். சின்னத்தங்கம் தேங்காயெண்ணெயும் சுண்ணாம்புத் தண்ணீரும் அடித்துப் பூசி, விரல்கள் ஒட்டாமல் ஒவ்வொன்றாகச் சுற்றினாள். பத்து விரலுக்கும் பத்துத் துணி. ஒவ்வொரு முடிச்சிலும் தன் வாயைத் தானே திட்டினாள்.

சிமியோன் தந்திக் கடதாசியை எடுத்து வைத்து, ஆவணிக் கூட்டத்தை நிறுத்தச் சொல்லித் தோழர்களுக்கு எழுதினார். அவள் அதை எடுத்து அடுப்பில் போட்டாள்.

"வரட்டும். சபைக்கு என்ன நோய் எண்டு பாக்கத்தானே வருகினம்."

ஆவணியில் ஐந்து பேரும் வந்தார்கள். நால்வர் பஸ்ஸில். மரியரட்ணம் கரவெட்டியிலிருந்து சைக்கிளில், புழுதியோடு. வாசல் படலையில் நின்றே சத்தம் போட்டார்.

"தங்கச்சி, உங்கடை ஊர்க் கிருமி வளந்து தடியும் நெருப்பும் கொண்டு திரியுதாம். மெய்யே?"

"மெய்தான், அண்ணை. அதை வளத்தது நான். வந்து தேத்தண்ணியைக் குடியுங்கோ."

அவர் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

இரண்டு நாள் ஆறு பேரும் வீடு வீடாகப் போனார்கள். எரிந்த வளவுக்கும் போனார்கள், சோமசேகரத்தின் வீட்டுக்கும் போனார்கள். மரியரட்ணத்துக்கு மட்டும் அங்கே படலை திறக்கவில்லை. சனி பின்னேரம் விறாந்தையில் கூடியபோது, சிமியோன் புதுக் கிளாசுப் பெட்டியைத் திறந்து காட்டினார். வைக்கோலுக்குள் அறுபது கிளாஸ், விரல் நுனி அளவில்.

மரியரட்ணம் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். "நல்ல வடிவு. நான் ஒண்டு கேக்கிறன். தட்டை ஆர் பிடிக்கிறது?"

பதினொரு வருடம் கூடிவந்தும், மற்ற ஐந்து பேரில் ஒருவருக்கும் அது தோன்றியிருக்கவில்லை.

இராசநாயகம் என்ற போதகர் தொண்டையைச் செருமினார். "இந்த ஒருமுறை வரிசையைக் கொஞ்சம் மாத்தினால் என்ன? இரத்தம் சிந்தாமல் போகுமே."

"சிந்தியாச்சு, ஐயா," என்றாள் சின்னத்தங்கம். தேநீர்த் தட்டோடு கதவடியில் நின்றிருந்தாள். "ஒன்பது தையல். இஞ்சை பிழையாய்க் கதைச்சது நான். நாளைக்கு நானே திருத்திக் கதைக்கிறன். அதுக்குப் பிறகு வரிசையை மாத்துறதெண்டால் மாத்துங்கோ."

சிமியோன் கிளாசுகளைத் தட்டில் அடுக்கினார். கிண்ணத்தையும் துடைத்துப் பக்கத்தில் வைத்தார்.

ஞாயிறு காலை தேவாலயம் நிரம்பியிருந்தது. வழக்கமாக வராத ஆண்களும் வந்து சுவரோரம் நின்றார்கள். கைகள் முதுகுக்குப் பின்னால் இருந்தன. திருவிருந்துக்கு முன் சின்னத்தங்கம் எழுந்தாள்.

"முந்தி ஒரு ஞாயிறு கிருமியைப் பற்றிச் சொன்னனான். பாதிதான் சொன்னனான். மிச்சத்தைக் கேளுங்கோ. கிருமி எல்லாற்றை வாயிலையும் கிடக்கு. என்ரை வாயிலை, போதகர் ஐயாவின்ரை வாயிலை, முன்வாங்கிலை இருக்கிற எல்லாற்றை வாயிலையும். அது சாதி பாத்து ஏறுறேல்லை. மார்த்தாளுக்கு அடிச்சது என்ரை பேச்சு. அதுக்கு மன்னிப்புக் கேக்கிறன்."

நல்லம்மா என்ற முன்வாங்குப் பெண் ஒருத்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள்.

"கசத்துக்குப் பயமெண்டால் நேர்ஸ் சொல்லுற முறை ஒண்டுதான். இருமல் இல்லாதவை முதல் குடியுங்கோ. இருமல் உள்ளவை கடைசியாகக் குடியுங்கோ." அவள் திரும்பினாள். "சோமசேகரத்தார், நீங்கள்தான் கடைசி. நாலு மாசமாய் இருமுறியள்."

பின்னால் பாயில் யாரோ சிரித்துவிட்டார்கள். சோமசேகரம் எழுந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது.

அதோடு தடிகள் முன்னால் வந்தன.

முதல் அடி கிளாஸ் தட்டில் விழுந்தது. இரண்டாவது, மூன்றாவது மரியரட்ணத்தின் மேல். கிண்ணத்தைக் காக்க உயர்த்திய வலக்கை, முழங்கைக்குக் கீழே முறிந்த சத்தம் வாசல்வரை கேட்டது. வாங்குகள் சரிந்தன. பெண்கள் சன்னல் வழியாகப் பிள்ளைகளை வெளியே எறிந்தார்கள். ஒரு போதகரின் காது கிழிந்தது. பனையேறுகிறவர்கள் இடுப்பிலிருந்த கத்தியில் கை வைத்தார்கள். அது வெளியே வந்திருந்தால் அன்று ஐந்தாறு பிணம் விழுந்திருக்கும்.

கதிரவேலு தரையில் கிடந்த மரியரட்ணத்தின் தலைக்கு நேரே தடியை ஓங்கினான். சின்னத்தங்கம் கதவுக்குக் குறுக்கே போடும் கட்டையை எடுத்தாள். எந்த எலும்பு சுலபமாக உடையும், சுலபமாகப் பொருந்தும் என்று அவளுக்குத் தெரியும். காறை எலும்பில் அடித்தாள். ஒரே அடி. அவன் தடி நழுவி விழுந்தது. பிறகு அவன் விழுந்தான். விழுந்து, கன்றுபோலக் கத்தினான்.

கத்திய சத்தத்தில் எல்லாம் நின்றது. போதகரின் மனைவி அடித்தாள் என்பதை நம்ப அவர்களுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"வெளியிலை போங்கோ," என்றாள் அவள். "காயப்பட்டவை மட்டும் நில்லுங்கோ."

சோமசேகரம் முதலில் போனார். அவருடைய ஆட்களும் போனார்கள்.

உடைந்த வாங்கிலிருந்து பலகை இரண்டு எடுத்தாள். பீடத்துணியை நீளமாகக் கிழித்தாள். மரியரட்ணத்தின் கையை இழுத்து நேராக்கி, பலகை வைத்துக் கட்டினாள். அவர் பல்லைக் கடித்தபடி, "பீடத்துணியைக் கிழிச்சதுக்கு ஒப்பந்தத்திலை தண்டனை இல்லையோ?" என்றார். பிறகு கதிரவேலுவிடம் போனாள். அவன் பின்னால் நகர்ந்தான்.

"கிட்ட வராதை! என்ரை எலும்பை உடைச்சதே நீ!"

"உடைச்சதும் நான்தான், கட்டுறதும் நான்தான். அசையாதை. அசைஞ்சால் கோணலாய்ப் பொருந்தும், பேந்து ஒருத்தியும் உன்னைக் கட்டாள்." தோள்களைப் பின்னுக்கு இழுத்து, முதுகில் குறுக்காக, எட்டுப்போலக் கட்டினாள். அவன் அழுதான். அவள் கவனிக்கவில்லை.

கிண்ணம் ஒரு வாங்குக்கு அடியில் நெளிந்து கிடந்தது. மார்த்தாள் அதை எடுத்துத் துடைத்தாள். மரியரட்ணம் எழுந்து இடக்கையால் அதை வாங்கினார். ஊற்றுவதற்கு ரசம் போத்தலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

முதலில் மார்த்தாள் குடித்தாள், முன்பல் இல்லாத வாயால். அடுத்து அதே இடத்தில் வாய் வைத்துச் சின்னத்தங்கம் குடித்தாள். பாயில் இருந்தவர்கள் வந்தார்கள். முன்வாங்குகளில் தங்கியிருந்த நான்கு குடும்பங்களில் மூன்று வந்தன. நல்லம்மா தன் புருசனை விட்டுவிட்டுத் தனியே வந்தாள். இராசநாயகம் தலை குனிந்தபடி வந்தார். சிமியோன் பீடப்படியில், நொறுங்கிய கிளாசுகளுக்கு நடுவில் நின்றுகொண்டே இருந்தார். சின்னத்தங்கம் அவரைக் கூப்பிடவில்லை. எல்லோரும் முடிந்தபிறகு கண்ணாடி கறகறக்க இறங்கி வந்தார். முழந்தாளிட்டுக் குடித்தார்.

கடைசியாகக் குடித்தவர் போதகர்தான். அவருக்கு இருமல் இல்லை.

கிராம அதிகாரி விதானையார் பின்னேரம் வந்து, வாங்கு சரிந்து சிலருக்குக் காயம் என்று எழுதிக்கொண்டு போனார். இருபத்தெட்டுக் குடும்பங்கள் பிரிந்துபோய்ச் சோமசேகரத்தின் தோட்டத்தில் கொட்டில் போட்டு ஆராதித்தன. மிஞ்சியவர்கள் இருபத்திரண்டு. செமினரித் தோழர்கள் போகுமுன், வழக்கப்படி, சபைக்கு என்ன நோய் என்று முகத்துக்கு நேரே சொல்ல உட்கார்ந்தார்கள். மரியரட்ணம் சொன்னது ஒரு வசனம்: "சிமியோன், சபை சின்னன், ஆனால் சுகம். உம்மைத்தான் பாத்துக்கொள்ளவேணும்." சிமியோன் கோபிக்கவில்லை. அடுத்த வாரம் தன் கையால் கிணற்றடியில் மூன்று புதுப் பட்டை வைத்தார். எரிந்த ஏழு குடிசைக்கும் ஓலை சுமந்தார்.

சோமசேகரத்தின் இருமல் கசம்தான். 1937இல் படுக்கையில் விழுந்தார். கொட்டிலில் கூடிய சொந்தக்காரர் ஒருவரும் அறைக்குள் நுழையவில்லை, கிருமிக்குப் பயம். சின்னத்தங்கம் தினமும் காலையில் போய்ச் சளிக்கோப்பையைக் கொதிநீரில் கழுவி, உடம்பைத் துடைத்து, துணி மாற்றினாள். ஒரு நாள் அவர் கையைப் பிடித்தார்.

"அம்மா, சாகமுந்தித் திருவிருந்து எடுக்கவேணும்."

"எடுக்கலாம். இப்ப ஆறு பேரும் மாசத்துக்கு ஒருவராய் வந்து குடுக்கினம், இந்த மாசம் முறை மரியரட்ணத்தாருக்கு. வரச்சொல்லட்டோ?"

அவர் பிடித்த கையை விட்டார். "வேண்டாம்," என்றார்.

"சரி," என்றாள். படுக்கைப்புண் வராமல் அவரை மறுபக்கம் திருப்பிக் கிடத்தி, முதுகுக்குத் தலையணை வைத்தாள். வியாழக்கிழமை செத்தார். உடம்பைக் கழுவியதும் அவள்தான்.

கிண்ணத்தின் நெளிவை யாரும் தட்டி நிமிர்த்தவில்லை. பனிச்சையடியில் இருமல் உள்ளவர்கள் இப்போதும் கடைசியாகத்தான் குடிக்கிறார்கள்.