துட்டி வீட்டில் நீட்டாத கை

சங்கரன்கோவிலில் கல்யாணமோ சாவோ, என் பந்தலின் நிழல் விழாமல் நடக்காது. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன், பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், வாடகைச் சைக்கிளில் இரும்பு நாற்காலிகளைக் கட்டித் தெருத்தெருவாய்த் தள்ளியவன், இன்றைக்குச் சிவகிரியிலிருந்து பனவடலிசத்திரம் வரை லாரியில் சாமியானா அனுப்புகிறேன். சாவு வீட்டுக்கு ஐஸ் பெட்டியை இந்த ஊருக்கு முதலில் கொண்டுவந்தவனும் நான்தான்.

அந்தச் சைக்கிளைப் பின்னாலிருந்து தள்ளிய கூட்டாளி ஒருவர் உண்டு. பிறகு அவர் விசைத்தறி வேலைக்குப் போய்விட்டார். சிநேகம் மட்டும் விட்டுப்போகவில்லை. சாயங்காலம் டீக்கடையில் அவரைப் பார்க்காமல் எனக்குப் பொழுது அடையாது.

போன மாதம் அவருடைய சம்சாரம் தவறிவிட்டார். சேதி கேட்டதும் முதலில் ஓடியவன் நான். ஐஸ் பெட்டி, கல்யாண வீட்டுக்கு மட்டும் அனுப்புகிற மெத்தை நாற்காலிகள், ஏர்கூலர், எல்லாம் என் செலவு. வாசலில் நின்று, "ஏலே, அந்த மூலையை இழுத்துக் கட்டு!" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். துட்டி கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க, வந்தவர்கள் வரிசையாகப் போய்க் கையை நீட்டினார்கள். அவர் ஒவ்வொரு கையாகத் தொட்டுக் கும்பிட்டார். எங்கள் பக்கத்தில் ஆறுதல் என்றால் அதுதான். வாயைத் திறக்க வேண்டியதே இல்லை.

நான் மட்டும் போகவில்லை. வேலை கிடக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவர் முகத்தைப் பார்க்கப் பயம். பார்த்தால் அழுதுவிடுவேன். ஊரார் முன்னால் நான் அழுதவன் இல்லை. பாடை புறப்பட்டதும் அடுத்த பந்தல் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். பதினாறாம் நாள் காரியத்துக்கும் பந்தல்தான் போனது, நான் போகவில்லை.

அவர் டீக்கடைக்கு வருவது நின்றுபோனது. துக்கம் ஆறினால் வருவார் என்றிருந்தேன்.

போன வாரம் கடைக்குப் புது சோபாக்கள் வந்தன. முதுகில் 'கம்ஃபர்ட்' என்று இங்கிலீஷில் எழுதினால் எடுப்பாக இருக்கும் என்றார் பெயிண்டர். காலேஜில் இங்கிலீஷ் நடத்துகிற மருமகளிடம் கேட்டேன்.

"மெத்துமெத்துன்னு இருக்கும்னுதானம்மா அர்த்தம்?"

"இப்பம் அப்படித்தான் மாமா. மொதல்ல அது இல்ல. லத்தீன்ல 'ஃபோர்ட்டிஸ்'னா பலமானது. முன்னால உள்ள 'கம்' சேர்ந்துன்னும் வரும், அழுத்திச் சொல்லவும் வரும். மொத்தத்துல பலப்படுத்துதது. பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்தப்போ, ஒடிஞ்சு கெடக்கிறவங்களத் தேத்துததுன்னு ஆச்சு. சோபா, மெத்தையெல்லாம் ரொம்பப் பிந்தி வந்த அர்த்தம்."

"அப்பம் சேரு இல்லாமலே கம்ஃபர்ட் உண்டுங்கியா?"

"சேரே வேண்டாம் மாமா. ஆளு போதும்" என்று சிரித்துக்கொண்டே கல்லூரிப் பேருந்துக்கு ஓடினாள்.

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் கூட்டாளி வீட்டுப் பந்தல் ஞாபகம் வந்தது. பிந்தி வந்த அர்த்தத்தை லாரியில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். முந்தினதைக் கொடுக்கவே இல்லை. பெயிண்டரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

பதினாறு கழிந்தபிறகு யாரும் துட்டி கேட்கப் போவதில்லை. ஆனாலும் மறுநாள் கூட்டாளி வீட்டுக்குப் போனேன். அவர் அடுப்பில் பொங்கி வழிந்த பாலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னவே, சேரு எதுவும் விட்டுப்போச்சா?"

கையை நீட்டினேன்.

"மடக்கும்வே. அதெல்லாம் முடிஞ்சாச்சு."

"நான் துட்டி கேக்கலைல்லா."

"அது எனக்குத் தெரியாதாக்கும்? ஒவ்வொரு கையா தொடும்போதும் அடுத்தது ஒம்ம கைன்னுதான் நெனச்சேன். நீரு அங்கன நின்னு கயிறு கட்டிக்கிட்டிருந்தீரு."

அவர் என் கையைத் தொடவில்லை. டீ போட்டார். சீனி டப்பா இருக்கும் இடம் அவருக்குத் தெரியவில்லை. இருவரும் தேடினோம். கிடைக்காமல் அப்படியே குடித்தோம்.

அன்றிலிருந்து தினமும் போகிறேன். அவர் வா என்பதில்லை, போ என்பதும் இல்லை. உள்ளே நுழைந்ததும் என் கை தானாக நீள்கிறது. அவர் அதில் டீ டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறார்.