சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்றவர்

ஷிப்ட் நடுவில் எங்கள் தொழிற்சாலை லைன் நிற்பது அபூர்வம். போன வாரம் நின்றது. சூப்பர்வைசர் என்னருகில் வந்து, "செல்வி, கோட்டைக் கழட்டிட்டு வாம்மா" என்றார். அவர் முகமே சரியில்லை. அன்று விடுப்பில் இருந்த கௌரம்மா அக்கா, நெஞ்சுவலி வந்து, மருத்துவமனை சேரும் முன்பே போய்விட்டார்.

ஓசூரில் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் அவர் எனக்கு மூத்தவர். மத்திகிரியில் ஒரே அறையில் குடியிருந்தோம். புதிதாகச் சேரும் பெண்ணிடம் அவர் ஊர், பேர் கேட்கமாட்டார். "உனக்குப் புடிச்ச கலர் என்னா?" என்பார். முதல் நாளே எனக்கு எரிச்சல். வேண்டுமென்றே "கருப்பு" என்றேன். "கருப்பா? இரு, அதையே ஜொலிக்க வெக்கிறேன்" என்று சிரித்தார்.

இயந்திரங்கள் வந்திறங்கிய பெட்டியின் பலகை ஒன்றை ஸ்டோர்ஸில் கேட்டு வாங்கி வந்திருந்தார். ஞாயிறுதோறும் அதில் எனாமல் பெயிண்டால் வரைவார். ஷிப்ட் முடிந்து நெடுஞ்சாலையைக் கடக்கும் எங்கள் கூட்டம்தான் ஓவியம். உள்ளே எல்லோரும் ஒரே நீலக் கோட்டு, ஒரே தொப்பி. அவர் பலகையில் அவரவர் கேட்ட நிறத்தில் சேலை. ஆனேக்கல் சுதா கன்னடத்தில் "நேரளே" என்றாள். அவளுக்கு நாவல்பழ நிறம். எனக்குக் கருப்பு, ஆரஞ்சுக் கரையோடு. பார்த்தால் கண் கூசும்.

நிஜத்தில் அந்தச் சாலையை முதலில் கடப்பவர் அக்கா. எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டு, லாரி வந்தால் "நில்லுங்கடி!" என்று கத்துவார். வழி விட்டதும் "இப்ப வாங்க!" அந்தக் குரலை நம்பித்தான் நாங்கள் கால் எடுத்து வைப்போம்.

அவர் உடலையும் அறையிலிருந்த அவர் சாமான்களையும் சொந்தக்காரர்கள் காவேரிப்பட்டினம் பக்கத்துச் சொந்த ஊருக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் வேன் பிடித்துப் பின்னால் போனோம். அங்கே பாய், தலையணைகளோடு அந்தப் பலகையும் கிடந்தது. இறந்தவர் புழங்கிய பொருளைச் சிதையில் வைத்து உடன் அனுப்பிவிடுவது அவர்கள் வழக்கம். பலகையை மட்டும் தரும்படி அவருடைய அண்ணன் முனியப்பனிடம் கெஞ்சினேன்.

"அவ கைப்பட்டது அவளோட போவட்டும்மா. இருந்தா அவ நெனப்பு இங்கியே சுத்தும்" என்றார்.

"சுத்தட்டுமே!" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பாடை கிளம்பியது. பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். நான் நிற்கவில்லை. சுதாவும் மற்றவர்களும் பின்னால் ஓடி வந்தார்கள். ஆற்றங்கரை போய்ச் சேர்ந்தபோது விறகுக்கு மேல் பலகையைச் சாத்தியிருந்தார்கள். எனாமல் பெயிண்டுக்கு ஒரு பொறி போதும். முனியப்பன் கையில் கொள்ளி இருந்தது.

"பொம்பளைங்களுக்கு இங்க என்னா வேல?" என்று யாரோ அதட்டினார்கள்.

எனக்கு வாய் நீளம் என்று அக்காவே சொல்வார். அன்று அது உதவியது. "அண்ணே, அந்தக் கருப்புச் சேலை நானு. நாவப்பழக் கலரு இந்தா நிக்கிறா, இவ. உசுரோட இருக்கறவங்க உருவத்தப் பொணத்தோட வெச்சு எரிப்பீங்களா? நாளைக்கு எங்களுக்கு ஒண்ணு ஆனா நீங்க பொறுப்பா?"

 ஒரு பெரியவர், "அது ஆவாதுப்பா, எடுத்துடு" என்றார். முனியப்பன் கொள்ளியைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, தானே பலகையை இறக்கினார். ஒவ்வொரு முகமாகத் தேடினார். என் பக்கம் திரும்பினார்.

"எங்க கௌரிய எங்கம்மா காணோம்?"

நானும் ஒருமுறை கேட்டதுதான். அக்கா சொன்ன பதிலையே சொன்னேன்: "நான் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்னு உங்களப் பாத்துக்கினு இருக்கேன்டி. வண்டி வருதான்னு யாராச்சும் பாக்கணுமில்ல?"

அவர் அழுதார். நாங்களும் அழுதோம்.

பலகை இப்போது எங்கள் அறைச் சுவரில் இருக்கிறது. நேற்று ஷிப்ட் முடிந்து சாலையோரம் வந்தோம். யார் முதலில் கடப்பது என்று தெரியாமல் எல்லோரும் நின்றுவிட்டோம்.

வழக்கம்போல நீங்களே முந்திக்கொண்டீர்கள், அக்கா. போய் வாருங்கள். அந்தப் பக்கத்திலிருந்து "நில்லுங்கடி" என்றே சொல்லிக்கொண்டிருங்கள். "இப்ப வாங்க" என்பதற்கு அவசரமே இல்லை.