பிரேமா நேர்ந்துகொண்ட தேங்காய்

இசக்கிப்பாண்டி பட்டாளத்திலிருந்து வீடு திரும்பியபோது கையும் காலும் முழுசாகத்தான் இருந்தன. அதுதான் அவன் செய்த பிழை. ஒரு விரலாவது போயிருந்தால் நாலு பேர் நம்பியிருப்பார்கள். வடக்கே மலைப்பாதையில் வண்டிக்குப் பக்கத்தில் குண்டு வெடித்துத் தூக்கி எறியப்பட்டவன், மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து நடந்தான். காட்டுவதற்கு ஒரு கீறல் கிடையாது. தலைவலியும் மறதியும் சத்தம் கேட்டால் நடுக்கமும் அதற்குப் பிறகு வந்தவை. வந்தவை போகவே இல்லை.

இப்போது சாலைக் கடைத்தெருவில், மனைவி பிரேமாவின் அண்ணன் லிங்கராஜின் இரும்புக்கடையில் நிற்கிறான். சத்தத்துக்கு நடுங்குகிறவனுக்கு இரும்புக்கடையில் வேலை! கொடுத்தவருக்கும் யோசனை இல்லை, போனவனுக்கும் வேறு போக்கில்லை. கதவுக்குக் கீல் கேட்டால் உள்ளே போய் எதற்கு வந்தோம் என்று நிற்பான். கடைசியில் தாழ்ப்பாளோடு வருவான்.

"மாப்ள, பட்டாளத்துலயும் இப்படித்தான் துப்பாக்கி கேட்டா தொடப்பத்த நீட்டுனீரோ?" என்பார் லிங்கராஜ்.

எல்லாரும் சிரிப்பார்கள், இவனும் சிரிப்பான். பிரேமா சிரித்ததில்லை. ஆனால் அண்ணனை ஒரு வார்த்தை கண்டித்ததும் இல்லை. இவர் நடிக்கிறாரோ என்ற சந்தேகம் அவள் கண்ணில் இருந்தது. அது அவனைக் கொன்றது. அதைவிட மோசம், சில நாள் அவனுக்கே அந்தச் சந்தேகம் வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ரேஷ்மி ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு மலையாளத்தில், "ஸ்கேனில் ஒண்ணும் காணானில்ல" என்றார். அதோடு விடவில்லை, நிதானமாக நிறையச் சொன்னார். தலையில் பட்ட அடி ஆறிவிட்டதாகத் தெரிந்தாலும் சிலருக்கு உள்ளே அழற்சி வருஷக்கணக்கில் நீறு பூத்த நெருப்பாகக் கிடக்கலாம். பட்டாளக்காரர்களிடம் இதை ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் அவன் படும் பாடு பொய் இல்லை. பொய் இல்லை என்று கேட்டதும் அவனுக்கு அழுகை வந்தது. இதைப் பிரேமாவிடம் சொல்லியே ஆகவேண்டும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வெளியே வந்தான். வாசலில் ஒரு ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு வந்து நின்றது.

மருந்து வாங்கி வந்த பிரேமா கேட்டாள்: "டாக்டர் என்ன சொன்னாங்க?"

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்லயாம்."

"பொறவு?"

பிறகு ஏதோ நல்லது சொன்னாரே, என்ன அது? தேடிப் பார்த்தான்.

"அவ்வளவுதான்."

டாக்டர் கைவிட்டால் சாமி இருக்கிறது. பட்டாளமே கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பழவங்காடிப் பிள்ளையார் ஒரு பட்டாளக்காரனைக் கைவிடுவாரா? புருஷன் குணமாக ஒரு பை நிறையச் சிதறுகாய் போடுவதாகப் பிரேமா நேர்ந்துகொண்டாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான்.

வெள்ளிக்கிழமை, கோயிலில் நல்ல கூட்டம். இவர்கள் பையைத் திறப்பதற்குள் முன்னால் நின்ற குடும்பம் போட ஆரம்பித்தது. படீர், படீர், படீர்.

"தல தூக்காத! தல தூக்காத!" என்று யாரோ கத்தினார்கள். கத்தியது தான்தான் என்பது அவனுக்குப் பிறகே புரிந்தது. தரையில் கிடந்தான். அவனுக்கு அடியில் பிரேமா. அவள் தலையை இரண்டு கையாலும் மூடியிருந்தான். இது எந்த ஊர்? சுற்றிலும் வெறுங்கால்கள். ஒருவன் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

"நல்ல தண்ணி போல," என்றது ஒரு குரல்.

பிரேமா எழுந்தாள். சேலையெல்லாம் தேங்காய்த் தண்ணீரும் சேறும். "தண்ணியா? எவன்ல சொன்னது? குண்டு விழுதுன்னு நெனச்சு எம்மேல விழுந்து மறைச்ச மனுஷன்ல இது!"

பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தாள். கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

"நெசந்தான். நாந்தான் நம்பல," என்று அழுதாள்.

டாக்டர் சொன்ன அந்த நல்ல வார்த்தை இப்போதும் அவனுக்கு வரவில்லை. பிரேமா தேங்காய்ப் பையை அப்படியே கோயில் நடையில் வைத்துவிட்டு, "பிள்ளையாரே, உடைக்க மாட்டேன், நீரே பாத்துக்கும்," என்று சொல்லி அவனைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அதற்குப் பின் ஒரு நாள் காலை, பிரேமா அடுத்த வீட்டுச் செல்லபாய் அக்காவிடமிருந்து இரண்டு தேங்காய் மூடியும் ஒரு தம்ளரும் ஏந்தி வருவதை இசக்கிப்பாண்டி பார்த்தான். இங்கே அரிவாள் இருக்கிறது, அம்மிக்கல் இருக்கிறது. நேற்றும் அங்கே போனாளோ?

"தேங்கா உடைக்க அங்க எதுக்குப் போற?"

"சும்மாதான்," என்று தம்ளரை நீட்டினாள்.

இன்னும் ஏதோ கேட்க இருந்தது. அதற்குள் மறந்துவிட்டது. இளநீர் மாதிரி இனித்த அந்தத் தண்ணீரைக் குடித்தான். வீடு சத்தமில்லாமல் இருந்தது.