தங்கச்சிக்குச் சொன்ன நோவு

1. முதல் நாளே வந்த வருத்தம்

நான் வேலைக்குப் போன முதல் நாளே எனக்குப் புரஸ்டேட் வீங்கிவிட்டது. ஒஸ்லோவில் ஒரு ஆஸ்பத்திரி அறையில், வாட்டசாட்டமான ஒரு டொக்டருக்கு முன்னால், "எனக்கு ஒன்றுக்குப் போவது பெரும்பாடாக இருக்கிறது" என்று நல்ல நோர்வேஜிய மொழியில் சொன்னேன். பக்கத்தில் இருந்த தமிழ் ஐயா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வருத்தம் அவருடையது, வாய் மட்டும்தான் என்னுடையது.

நான் செய்தது மொழிபெயர்ப்பாளர் வேலை. இங்கே தோல்க் என்பார்கள். நோயாளி 'நான்' என்றால் தோல்க்கும் 'நான்' என்றுதான் சொல்லவேண்டும். இந்தக் கணக்கில் எனக்கு மூலம் வந்திருக்கிறது, பித்தப்பையில் கல் வந்திருக்கிறது, ஒரே கிழமையில் இரட்டைப் பிள்ளை பெற்றுக் கருத்தடையும் செய்திருக்கிறேன். இவ்வளவு வருத்தத்தோடும் முப்பது வருசம் தாக்குப்பிடித்து இப்போது ஓய்வில் இருக்கிறேன்.

எங்கள் வேலைக்கு இரண்டு விதிகள். அறைக்குள் சொல்லப்படுவது எல்லாவற்றையும் சொல்லவேண்டும். சொல்லப்படாத ஒன்றையும் சொல்லக்கூடாது. முதலாவது விதிக்கு வாய் வேண்டும். இரண்டாவதுக்கு வாயில் பூட்டு வேண்டும். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் புத்தி கேட்டால், அகராதியைப் படியுங்கள் என்று சொல்வதைவிடப் பவானியின் கதையைச் சொல்வதுதான் பிரயோசனம் என்று நினைக்கிறேன். கார் விபத்தில் அடிபட்டால் என்ன செய்யவேண்டும் என்று தெரியாத மற்றவர்களும் வாசிக்கலாம். அப்படிப் பார்த்தால் எங்கள் சனம் முழுவதும் வாசிக்கலாம்.

இரகசியம் காக்கிற வேலை என்பதால் பெயர்களை மாற்றியிருக்கிறேன். பவானியிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்கோ அக்கா. ஆனா என்ரை பணியாரம் ஒண்டும் உடையேல்லை எண்டதையும் எழுதுங்கோ" என்றாள்.

2. பம்பருக்கு நடந்த வைத்தியம்

பவானிக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. வீடு லோறென்ஸ்கூக்கில். லில்லெஸ்ட்ரோமில் சொந்தக்காரர் பிள்ளை பெரியபிள்ளையான சாமத்திய வீட்டு விழாவுக்குக் கணவர் பத்மநாதன் காரோட்ட, பவானி முன் சீற்றில் சீப்புப் பணியாரத் தட்டத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போயிருக்கிறாள். ஒரு சுற்றுவட்டத்தில் கார் நிற்க, பின்னால் வந்த கார் 'டமார்' என்று இடித்தது. பவானியின் தலை முன்னுக்குப் போய்ப் பின்னுக்கு வந்தது. தட்டம் அசையவில்லை.

இடித்த வெள்ளைக்காரர் பதறிக்கொண்டு ஓடிவந்து, யாருக்காவது அடிபட்டதா என்று கேட்டார். பத்மநாதன் காரைச் சுற்றி வந்து பம்பரைத் தடவிப் பார்த்துவிட்டு, "இங்கென் ப்ரொப்லெம்" என்றார். ஒரு பிரச்சினையும் இல்லையாம். பிறகு பம்பரை நேராக, பக்கவாட்டாக, குனிந்து, முழங்காலில் நின்று என்று படம் எடுத்தார். பவானியை ஒரு படமும் எடுக்கவில்லை. பவானியும் கழுத்தைப் பார்க்கவில்லை, தட்டத்து மூடியைத் திறந்து பணியாரத்தைத்தான் பார்த்தாள். "நல்லநேரம் போகுது, எடுங்கோ காரை" என்று அவசரப்படுத்தியதும் அவள்தான்.

மண்டபத்தில் சங்கதி தெரிந்ததும் ஆளுக்கொரு டொக்டர் ஆனார்கள். நல்லெண்ணெய் பூசு என்றார் ஒருவர். "ஆஸ்பத்திரிக்குப் போகாதை, இன்சூரன்ஸ் போனஸ் போயிடும்" என்றார் இன்னொருவர். இடித்தது மற்றவன், பத்மநாதனுடைய போனஸ் ஏன் போகவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. மூன்றாமவர் கெட்டிக்காரர். "கழுத்துக்குப் பட்டியைக் கட்டிக்கொண்டு நொண்டி நொண்டிப் போ. அப்பதான் நம்புவாங்கள்" என்றார். கழுத்து நொந்தால் ஏன் நொண்டவேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும். இவ்வளவு வைத்தியமும் பவானி சபைக்குப் பலகாரம் பரிமாறிக்கொண்டிருக்கும்போதே நடந்தது.

அடுத்த நாள் காலையிலேயே பம்பரை கராஜுக்குக் கொண்டுபோனார்கள். தூக்கிப் பார்த்து, கீழே படுத்துப் பார்த்து, வெளியில் தெரியாத வெடிப்பு உள்ளே இருக்கலாம் என்று கழற்றிப் பார்த்து, புதிது பூட்டினார்கள். பவானியை டொக்டரிடம் கொண்டுபோகக் கனநாள் எடுத்தது. அன்றைக்குப் பத்மநாதனே மொழிபெயர்த்தார். பம்பர் என்றால் அவருடைய நோர்வேஜிய மொழி ஆறாக ஓடும். பெண்சாதியின் கழுத்து என்றதும் வற்றிவிட்டது. "லித்" என்றாராம். கொஞ்சம் நோகுதாம். டொக்டர் பரசிற்றமோல் எழுதி, ஆள் நலம் என்று பதிந்து அனுப்பிவிட்டார். அதை வைத்து இன்சூரன்ஸ்காரரும் காயம் ஒன்றும் இல்லை என்று முடித்துவிட்டார்கள்.

3. காத்திருக்கும் அறை

நான் பவானியைக் கண்டது அதற்கும் பல கிழமைகளுக்குப் பிறகு. அவளுடைய வழமையான டொக்டர் லீவில் போயிருந்தார். பதிலுக்கு வந்த இளம் பெண் டொக்டர், கணவர் மொழிபெயர்ப்பது சரிவராது என்று தோல்க் கேட்டிருந்தார். புத்தியுள்ள பிள்ளை.

காத்திருக்கும் அறையில் நோயாளியோடு நாங்கள் கதைப்பதில்லை. தள்ளி இருந்தேன். தள்ளி இருந்து என்ன பயன், பவானி துரொண்ட்ஹெய்மில் இருக்கும் தங்கச்சியோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் குரலுக்குப் போனே தேவையில்லை.

"எடியே, கழுத்திலையிருந்து தோளுக்கு ஒரு இழுவை. பிறகு முழங்கைக்கு வருது. பிறகு இந்தச் சின்ன விரலும் பக்கத்து விரலும் என்ரையே இல்லை மாதிரிக் கிடக்கு. முந்தநாள் வேலையிலை சூப்புச் சட்டியைக் கைவிட்டிட்டன். கால் தப்பினது கடவுள் புண்ணியம். டொக்டர் பாத்து ஒரு முடிவு சொல்லாட்டி இனி அடுப்படியிலை விடேலாது எண்டு செஃப் சொல்லிப்போட்டா. சட்டைக்கு ஊக்குக் கொழுவ ஏலாது. ராத்திரியிலை எழும்பியிருந்து அழுறன். கொத்தானுக்குச் சொன்னா, 'நானும்தானே காருக்குள்ளை இருந்தனான், எனக்கு ஒண்டும் செய்யேல்லையே' எண்டுறார்."

கொத்தான் என்றால் உன் அத்தான், பத்மநாதன்தான். அவர் பக்கத்துக் கதிரையில் இருந்து போனில் ஏதோ கார் விளம்பரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

முப்பது வருசத்தில் இப்படி ஒரு நோயாளியை நான் கேட்டதில்லை. எங்கே தொடங்குது, எங்கே போகுது, எதைச் செய்ய முடியவில்லை, எப்போது கூடுது, ஒன்றும் பாக்கியில்லை. இன்றைக்கு என் வேலை சுகம் என்று நினைத்தேன். அந்தக் கை அடுப்புக்குத் திரும்பிப் போகுமா இல்லையா என்பது இன்னும் சில நிமிசத்தில் தெரிந்துவிடும்.

பெயர் கூப்பிட்டார்கள். பவானி போனை வைத்துவிட்டு, தலையைத் தடவிச் சரிசெய்து, சால்வையை நேராக்கி, முகத்தில் ஒரு சிரிப்பையும் போட்டுக்கொண்டு எழும்பினாள். அந்தச் சிரிப்பைக் கண்டதுமே இன்றைக்கு என் வேலை சுகமில்லை என்று தெரிந்துவிட்டது.

4. விதிப்படி நடந்தது

"எப்படி இருக்கிறீர்கள்?" என்று டொக்டர் கேட்டார்.

"நல்லாயிருக்கிறன் டொக்டர். பறவாயில்லை" என்றாள் பவானி.

நான் நலமாக இருக்கிறேன், பரவாயில்லை என்று சொன்னேன். நான்தான் சொன்னேன், என் வாயால்.

"நோவு இருக்கிறதா?"

"கொஞ்சம். வயசுபோனா இருக்கும்தானே."

"லித், லித்" என்று பத்மநாதனும் இரண்டு விரலை நெருக்கிப் பிடித்துக் காட்டினார்.

"வேலைக்குப் போகிறீர்களா?"

"ஓம், ஒவ்வொரு நாளும் போறன்."

"நல்லது" என்று டொக்டர் கணினிப் பக்கம் திரும்பினார்.

எனக்கு அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் கூட வந்தது. கதவுக்கு வெளியே கேட்டதைக் கதவுக்கு உள்ளே சொல்ல எனக்கு உரிமை இல்லை. பெரிய ஆட்கள் சுகம் விசாரித்தால் நல்லாயிருக்கிறன் என்று சொல்வது எங்கள் சனத்துக்கு மரியாதை. டொக்டரும் பெரிய ஆள்தான். ஏனடி அப்படிச் சொன்னாய் என்று பிறகொரு நாள் பவானியைக் கேட்டேன். "அந்தப் பிள்ளை களைச்சுப்போய் இருந்துது அக்கா. அதுக்கு ஏன் என்ரை கவலையும்?" என்றாள். டொக்டருக்குக் கவலை வரக்கூடாது என்று வருத்தத்தை மறைக்கிற நோயாளியை வேறெந்த நாட்டிலிருந்து இறக்குமதி செய்யலாம்?

டொக்டர் தட்டச்சுச் செய்யத் தொடங்கினார். அப்போதுதான் பவானியின் கைப்பைக்குள் போன் அடித்தது.

"சொறி, சொறி" என்று பவானி போனை வெளியே எடுத்தாள். கட் பண்ணப் பார்த்தாள். விரல் சொல் கேட்கவில்லை. போன் வழுக்கி டொக்டரின் மேசையில் விழ, பிடிக்கப் போன கை எங்கோ பட்டு ஸ்பீக்கர் வேலைசெய்யத் தொடங்கியது. துரொண்ட்ஹெய்ம் அறைக்குள் வந்தது.

"அக்கா! டொக்டரிட்டைப் போயிட்டியோ? இஞ்சை பார், வழக்கம்போலை பல்லைக் காட்டிக்கொண்டு நல்லாயிருக்கிறன் எண்டு சொல்லிப்போட்டு வந்திடாதை! வலது கையிலை சின்ன விரலும் பக்கத்து விரலும் செத்துப்போய்க் கிடக்கெண்டு சொல்லு. சூப்புச் சட்டி விழுந்ததைச் சொல்லு. ராத்திரியிலை இருந்து அழுறதைச் சொல்லு. அத்தானைக் கதைக்க விடாதை, அந்தாள் பம்பரைப் பற்றித்தான் கதைக்கும்!"

"வையடி, வையடி" என்று பவானி போனைக் குத்து குத்தென்று குத்தினாள். அது நிற்கவில்லை.

டொக்டர் என்னைப் பார்த்தார். "இது யார்? என்ன சொல்கிறார்?"

அறைக்குள் சொல்லப்படுவது எல்லாவற்றையும் சொல்லவேண்டும். நான் நிமிர்ந்து இருந்தேன். பல்லிலிருந்து பம்பர் வரை ஒரு சொல் விடாமல் சொன்னேன். என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோசமாக நான் ஒரு விதிக்கும் கட்டுப்பட்டதில்லை.

டொக்டர் கணினியை விட்டுவிட்டுப் பவானியின் கையையே பார்த்தார். "அந்த அழைப்பை நீங்களே நிறுத்துங்கள், பார்ப்போம். வலது கையால், சின்ன விரலால்."

பவானி முயன்றாள். விரல் கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு போனது. பத்மநாதன் உதவிக்குக் கையை நீட்டினார். வேண்டாம் என்று டொக்டர் சொல்ல, நீட்டிய கையோடு அவரும் அந்த விரலைப் பார்த்தார். அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். "எனக்கு இவ்வளவு எண்டு தெரியாதப்பா" என்றார். அதையும் மொழிபெயர்த்தேன்.

டொக்டர் பஞ்சால் விரலைத் தொட்டார். "தெரிகிறதா?"

"இல்லை." இப்போது அந்தச் சிரிப்பு இல்லை. கண் நிரம்பிவிட்டது.

"முதலில் ஏன் நலம் என்று சொன்னீர்கள்?"

"எப்பிடி இருக்கிறீங்கள் எண்டுதானே டொக்டர் கேட்டனீங்கள்?"

மேசையிலிருந்து குரல் வந்தது. "ஹலோ? ஆர் அங்கை? டொக்டரோ? கழுத்திலையிருந்துதான் தொடங்குது எண்டும் சொல்லுங்கோ!"

அதையும் சொன்னேன். டொக்டர் போனைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, தங்கச்சியிடம் மிச்சத்தைக் கேட்கத் தொடங்கினார்.

5. பிறகு

கழுத்து எலும்புக்கு இடையில் நரம்பு நெரிபட்டிருந்தது. ஸ்கான், ஒப்பரேசன், பயிற்சி என்று நாள் போனது. இன்சூரன்ஸ் திரும்பப் பார்க்க ஒப்புக்கொண்டது. முதல் நாளே பதிந்திருந்தால் இந்த அலைச்சல் பாதியும் இருந்திருக்காது என்று அங்கே இருந்தவர் சொன்னதையும் நான்தான் மொழிபெயர்த்தேன்.

ஆகவே, அடிபட்டால் இறங்கிப் பம்பரைப் பார்க்கமுதல் பக்கத்தில் இருக்கிற ஆளைப் பாருங்கள். "பிரச்சினை இல்லை" என்று இடித்தவனுக்கு ஆறுதல் சொல்லாமல், "இன்னும் தெரியாது" என்று சொல்லுங்கள், அதுதான் உண்மை. அன்றைக்கோ அடுத்த நாளோ டொக்டரிடம் போங்கள், சாமத்திய வீடு எங்கும் ஓடிவிடாது. சின்ன நோவையும் சொல்லிப் பதியச் சொல்லுங்கள். பட்டி கட்டி நடிக்கவேண்டாம், உள்ளதைச் சொன்னாலே காணும். தோல்க் கேளுங்கள், அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. கணவர் காரோட்டிக்கொண்டு வரட்டும். முக்கியமாக, துரொண்ட்ஹெய்முக்குச் சொல்கிறதை டொக்டருக்கும் சொல்லுங்கள்.

தோல்க் பிள்ளைகளே, விதியை உடைக்கவேண்டாம். ஆனால் எல்லா அறையிலும் போன் அடிக்காது. வேலை இல்லாத நேரத்தில், மண்டபத்திலும் கோயிலிலும், நாலு பேருக்கு இதைச் சொல்லிவையுங்கள்.

கடைசிப் பரிசோதனைக்கும் நான்தான் போனேன். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று அதே டொக்டர் கேட்டார்.

"நல்லா..." என்று தொடங்கிய பவானி நிறுத்தினாள். வலது கையை மேசையில் விரித்து வைத்தாள். பத்மநாதன் வாயைத் திறந்து, பிறகு தானாகவே மூடிக்கொண்டார்.

"கழுத்து நல்லம் டொக்டர். இந்தப் பக்கத்து விரலுக்கு உணர்வு வந்திட்டுது. திரும்ப அடுப்படிக்குப் போறன், பாரச் சட்டி மட்டும் தூக்கிறேல்லை. சின்ன விரல் வரேல்லை. இனி வராதெண்டு ஒப்பரேசன் செய்தவர் சொன்னவர். பிந்தி வந்ததாலையாம்."

அந்தச் சின்ன விரலை மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள். "நான்தான் பிந்திச் சொன்னனான்" என்றாள்.

அதையும் நான் 'நான்' என்றே சொன்னேன்.