தம்பிக்குப் போடாத புள்ளடி

மூன்று தேர்தல்களில் அவனுக்காக ஓடித் திரிந்தேன். நாலாவது தேர்தலில் அவனைத் தோற்கடித்தேன். இதை நான் ஒளித்து வைத்ததில்லை, கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லித்தான் வருகிறேன். அவனுடைய அரசியல் வாழ்க்கையைக் கட்சிக்காரர்கள் ஒரு சிறு புத்தகமாக அடித்து, வழவழப்பான தாளில் மாலை போட்ட படத்தோடு வீடுவீடாகக் கொடுத்தார்கள். பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், பாராளுமன்றத்தில் பேசிய பேச்சுகள் எல்லாம் அதில் இருக்கின்றன. என் பெயரை விடுங்கள், என் அடுப்படிகூட அதில் இல்லை. அந்தப் புத்தகத்தில் விட்டுப்போன பக்கங்களை நான் எழுதுகிறேன்.

கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவே, களுவாஞ்சிக்குடி பஸ் நின்று போகும் ஊர் எங்களுடையது. வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். என் கணவர் ஆற்றில் தோணி விட்டு வலை போடுகிறவர். நான் முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள். அவன் ரியூசன் வைத்துக் கணக்குப் படிப்பித்தவன். அவனும் நானும் ஒரே குடி. எங்கள் பக்கத்தில் குடி தாய்வழியாக வரும். ஒரே குடியில் பிறந்தவர்கள் வயிறு வேறானாலும் உடன்பிறப்புகள். அதனால் நான் அவனுக்கு அக்கா, என் கணவர் அத்தான். அப்படித்தான் வாய் நிறையக் கூப்பிட்டான்.

முதல் தேர்தலுக்கு வேட்புமனுக் கொடுக்கப் போன அன்று அவனிடம் நல்லதொரு வெள்ளைச் சட்டை இல்லை. என் கணவர் கலியாண வீடுகளுக்கென்று மடித்து வைத்திருந்த சட்டையை எடுத்து நானே ஸ்திரிக்கை போட்டுக் கொடுத்தேன். அவனுக்குத் தோள் கொஞ்சம் பெரிது. "பரவாயில்ல அக்கா, அத்தான்ட சட்டை எண்டா ராசியாத்தான் இருக்கும்" என்றான். சட்டை திரும்பி வரவே இல்லை. நாங்கள் கேட்கவும் இல்லை.

எங்கள் வாக்குச்சீட்டில் இரண்டு வேலை இருக்கிறது. முதலில் கட்சிக்கு, குறுக்குக் கோடுகளாக ஒரு புள்ளடி போடவேண்டும். பிறகு அந்தக் கட்சியில் நிற்கிற எட்டுப் பேரில் மூன்று பேர் வரைக்கும், அவரவர் இலக்கத்துக்கு மேல் புள்ளடி போடலாம். கட்சி பாராளுமன்றத்தில் ஒரு கதிரையைப் பிடித்தால் அதில் யார் உட்காருவது என்று அந்த இலக்கங்கள்தான் முடிவு செய்யும். ஆகவே ஒரு வேட்பாளனுக்குப் பெரிய எதிரி மற்றக் கட்சிக்காரன் இல்லை. தன் கட்சி மேடையிலேயே பக்கத்தில் கைகோத்து நிற்கிறவன்தான்.

இதை ஊருக்குப் படிப்பித்தவள் நான். வீடு பெண்ணுக்கு எழுதப்படுகிற ஊர் இது. ஆண்கள் கட்டியவளின் வீட்டுக்கு வந்து இருக்கிறவர்கள். எனவே மேடை போட்டுக் கத்தி என்ன, வாக்கு அடுப்படியில்தான் இருந்தது. சுளகில் அரிசியைப் பரப்பி விரலால் எட்டுக் கட்டம் கீறுவேன். அவனுடைய கட்டத்தில் மட்டும் புள்ளடி போட்டுக் காட்டுவேன். "மூணு போடலாம்தான். நாம ஒண்டே ஒண்டு போடுவம். மத்த ரெண்டையும் மத்தவனுக்குக் குடுத்தா நம்மட தம்பிய நாமளே தள்ளி உழுத்துறதுகா" என்பேன். ஒவ்வொரு தேர்தலுக்கும் இலக்கம் மாறும், நானும் ஒவ்வொரு முறையும் சுளகைத் தூக்கிக்கொண்டு முதலிலிருந்து தொடங்குவேன். கண் தெரியாத கிழவிகள்கூட என் கையைப் பிடித்துத் தடவித் தடவிக் கட்டம் எண்ணிப் பழகினார்கள்.

முதல் முறை தோற்றான். என் அடுப்படிப் பலகையில் இருந்து அழுதான். என் கணவர் பொரித்த மீனைத் தட்டில் வைத்து, "அழாமத் தின்னுடா, அடுத்த முறை பாப்பம்" என்றார். இரண்டாம் முறை வென்றான். வெற்றி ஊர்வலம் எங்கள் வாசலில் நின்றது, அவன் இறங்கி வந்து என் கணவரைக் கட்டிப் பிடித்தான். மூன்றாம் முறை கட்சியிலேயே அவனுக்குத்தான் கூடுதலான புள்ளடி. அந்த முறை ஊர்வலம் எங்கள் வாசலைத் தாண்டிப் போனது. கை காட்டினான் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். நான் காணவில்லை.

அதற்குப் பிறகுதான் துறைக்குக் கம்பி வந்தது. ஆற்றங்கரையில் தோணிகளை ஏற்றி வைக்க எங்களுக்கு ஒரு துறை இருந்தது. மணல் பிடிப்பான, சேறில்லாத இடம் அது ஒன்றுதான். அதன் பக்கத்துக் காணியைக் கொழும்புக்காரர் ஒருவர் ஹோட்டல் கட்ட வாங்கினார். அடிக்கல் நாட்டியவன் எங்கள் தம்பி. ஒரு கிழமைக்குள் துறையையும் சேர்த்துக் கம்பி அடித்துவிட்டார்கள். எங்கள் ஆட்கள் தோணிகளைக் சதுப்பில் அடர்ந்த கண்ணா மரங்களுக்குள்ளால், முழங்கால் சேற்றில் இழுத்து ஏற்றவேண்டி வந்தது. என் கணவருக்கு அப்போதே முழங்கால் தேய்ந்துபோயிருந்தது.

ஒரு நாள் காலை அவரும் இன்னும் நாலு பேரும் போய் இரண்டு கம்பித் தூணைப் பிடுங்கி எறிந்தார்கள். மற்ற நாலு பேரும் ஓடிவிட்டார்கள். ஓட முடியாத முழங்கால் உள்ளவரைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது.

நான் பொலிசுக்கு ஓடினேன். "எங்கட தம்பிதான் எம்பி, ஒருக்காக் கேட்டுப் பாருங்க" என்றேன். எவ்வளவு நம்பிக்கையாகச் சொன்னேன் என்று நினைக்க இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். என் முன்னாலேயே போன் எடுத்து, நானும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தார். என் கணவரின் பெயரையும் ஊரையும் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து வந்தது அவனுடைய குரல்தான், எனக்குத் தெரியாத குரலா? "அப்பிடி ஒராளையும் எனக்குத் தெரியாது. நீங்க சட்டப்படி செய்யுங்க."

மேசைக்குப் பின்னால் நீள மர வாங்கில் உட்கார்ந்திருந்த என் கணவரும் அதைக் கேட்டார். என்னைப் பார்க்காமல் தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கிழமை விளக்கமறியலில் அடைபட்டுக் கிடந்தார். வெளியில் வந்த பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. நான் எடுத்தாலும் வலையைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போவார். எனக்கு வயிறு எரிந்தது. அடுப்பை ஊதும்போதும் எரிந்தது, பிள்ளைகளுக்கு அகரம் சொல்லும்போதும் எரிந்தது. உன்னை மண் கவ்வ வைக்காமல் விடமாட்டேன் தம்பி என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே நாலாவது தேர்தல் வரும்வரை இருந்தேன். வேறு எந்த நேர்த்திக்கடனுக்கும் நான் அப்படிக் காத்திருந்ததில்லை.

தேர்தல் வந்தது. அவனும் வந்தான். முதல் தேர்தலில் அடுப்படி அடுப்படியாக ஏறி இறங்கியவன், இந்த முறை நேரே கோயிலுக்குப் போனான். கோயிலை நடத்துகிற வண்ணக்கர்மாரையும் குடித் தலைவர்களையும் கூப்பிட்டு வெற்றிலை கொடுத்தான். எல்லாரும் ஆண்கள். எல்லாரும் வெற்றிலையை வாங்கிக்கொண்டு "ஊர் உங்கட பக்கம்தான்" என்றார்கள். அதோடு ஊர் கையில் வந்துவிட்டதாக நினைத்தான். எங்கள் குடியில் பிறந்தவனுக்கு, குடி எந்த வாசலால் வருகிறது என்பது மறந்துபோயிருந்தது.

போகும் வழியில் எங்கள் படலையில் வாகனத்தை நிறுத்தி, கண்ணாடியைப் பாதி இறக்கினான். "அக்கா, அத்தான் இல்லையா?"

"ஆத்துக்குப் போயிட்டார் தம்பி."

"வழமை போல பாத்துக் கொள்ளுங்க என்ன."

"நீங்க பயப்புடாமப் போங்க. இந்த முறை எல்லா ஊட்டயும் நானே போறன்" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். பொய்யும் சொல்லவில்லை.

சுளகைத் தூக்கினேன். ஒரு வீடு விடவில்லை. "கட்சிக்குப் போடுங்க, அதுல மாத்தமில்ல. இலக்கம் மட்டும் இந்த முறை மூணும் போடோணும்." எட்டுக் கட்டம் கீறி மூன்றில் புள்ளடி போட்டுக் காட்டினேன். அவனுடைய கட்டத்தில் விரல் படவே இல்லை. ஒரு கிழவி மட்டும், "மறுகா நம்மட தம்பிர இலக்கம் எதுகா?" என்று கேட்டாள். "அவருக்கு நம்மளத் தெரியாதாம் பெத்தா" என்றேன். அவள் என் விரலைப் பிடித்து மற்ற மூன்று கட்டத்தையும் எண்ணத் தொடங்கினாள். புருசன்மார் கோயிலில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்து சோறு தின்றார்கள். சோறு போட்டவர்கள் தாங்கள் எங்கே புள்ளடி போடப்போகிறோம் என்பதை அவர்களுக்குச் சொல்லவே இல்லை. சில வீடுகளில் சொன்னார்கள், அங்கே புருசன்மாரும் மாறினார்கள்.

வாக்கு எண்ணினார்கள். கட்சிக்கு ஒரு கதிரை கிடைத்தது. அதில் இன்னொருவர் உட்கார்ந்தார். எங்கள் தம்பி இரண்டாவது. இரண்டு பேருக்கும் இருந்த வித்தியாசம் எங்கள் ஊர் ஒன்றிலேயே அடங்கிவிடும் என்று கட்சிக்காரர்களே தலையில் அடித்துக்கொண்டார்கள். அன்றைக்கு நான் பால்சோறு காய்ச்சி ஊருக்கெல்லாம் கொடுத்தேன். அந்தச் சந்தோசத்தை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்லமாட்டேன். பிள்ளை பிறந்தபோதுகூட அப்படிச் சிரித்தேனா என்று தெரியாது. என் கணவருக்கும் ஒரு கோப்பை வைத்தேன். இரண்டு கரண்டி தின்றுவிட்டு மூடி வைத்தார்.

அடுத்த கிழமை கட்சி அவனைத் தேசியப் பட்டியலில் போட்டது. புள்ளடி வேண்டாம், இலக்கம் வேண்டாம், ஊர் வேண்டாம், தலைவர் ஒரு கடிதத்தில் பெயர் எழுதினால் போதும். தோற்றவன் கோட்டுப் போட்டுக்கொண்டு பாராளுமன்றத்துக்குள் போய்ச் சத்தியம் செய்வதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். மாதங்கள் போயின. ஊர்ப்பக்கம் அவன் தலைகாட்டவில்லை. கோயில் சடங்குக்கும் வரவில்லை, ஒரு மரணவீட்டுக்கும் வரவில்லை. ஹோட்டல் எழும்பி முடிந்தது. எங்கள் துறையில் இப்போது வெள்ளைக்காரர்கள் ஏறும் கண்ணாடியிழைப் படகு கட்டிக் கிடக்கிறது. எங்கள் தோணிகள் இன்னும் சேற்றில்தான்.

ஒரு காலை என் கணவர் முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். பொலிசில் அன்று கேட்ட பேச்சைச் சொல்லித் திட்டினேன். இந்த முறை அவர் எழும்பிப் போகவில்லை.

"நான் அவனுக்குத்தான் போட்டன்" என்றார்.

"என்ன சொல்றயள்? ஒங்களத் தெரியாதெண்டு சொன்னவனுக்கா?"

"ஓம். அவனுக்கு மட்டும் ஒரு புள்ளடி. நீ முந்திப் படிப்பிச்ச மாதிரி."

"ஏன்?"

அவர் எண்ணெய்ப் போத்தலை மூடினார். "வெண்டிருந்தா அடுத்த முறையும் அவன் இஞ்ச வந்துதான் ஆகோணும். நம்மட வோட்டு இல்லாம அவனுக்கு ஏலாது. அவன் படலைக்கு வந்த அண்டைக்கு நான் ஆத்துல நிண்டிட்டன், இனி வரக்குள்ள படலையில நிண்டு, வோட்டு வேணுமெண்டா முதல்ல கம்பியக் கழட்டிப் போட்டு வா எண்டு முகத்தப் பாத்துச் சொல்ல இருந்தன். அதுக்குத்தான் வாயப் பொத்திக்கிட்டு இருந்த நான். இப்ப ஒரு கடிதத்துல உள்ள போனவனுக்கு நம்மள என்னத்துக்கு? நீ அவன அவுத்து உட்டுட்டாய் புள்ள."

அவர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு சேற்றுப் பக்கமாக இறங்கிப் போனார்.