பெர்டாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மகள்

எங்கள் கால்க் பே மீன்பிடித் துறைமுகத்தில் பெற்ற தாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வாயில் மிளகாய்தான். யூலாலி மட்டும் ஐம்பது வயதிலும், "பெர்டா, காப்பி ஆச்சா?" என்பாள். பெர்டா மெனிகோவும் வாயெல்லாம் பல்லாக எழுந்து போவாள். நான்கு வருஷம் நச்சரித்த பிறகுதான் விஷயம் என் காதுக்கு வந்தது. நானும் ஒரு சிட்டிகை உப்பு போட்டிருப்பேன்; கண்டுகொள்ளாதீர்கள்.

பெர்டாவின் அப்பா ஃப்ளோரியன் மீன்பிடிகாரர். ஒருநாள் மதுக்கடையில், "ஆக்டோபஸ் இருக்கே, முட்டைக்குக் காவல் இருக்கறப்ப ஒரு வாய் திங்காது. குஞ்சு வர்ற வரைக்கும் தண்ணிய ஊதி ஊதி அதுகளுக்கு விசிறும்" என்று சொல்லித் தொலைத்தார். துறையே நம்பாமல் சிரித்தது. 'ஊதல் ஃப்ளோரியன்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1964இல் அவர் நெஞ்சுச் சளியோடு படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, நகரத்து மீன் காட்சிசாலையில் ஓர் ஆக்டோபஸ் முட்டையிட்டிருப்பதாகப் பத்திரிகையில் வந்தது.

அப்பா பொய்யரா இல்லையா? அவர் கண்மூடுவதற்குள் பெர்டாவுக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஆனால் அது நிறவெறிச் சட்டம் நடந்த காலம்; காட்சிசாலை வெள்ளைக்காரர்களுக்கு. கறுப்புத் தோலுக்கு மாதத்தின் முதல் திங்கட்கிழமை மட்டும். அன்றுதான் தொட்டிகளைத் துணி போட்டு மூடிக் கழுவுவார்கள். வெள்ளைக் குழந்தையோடு வரும் வேலைக்காரிக்கு மட்டும் ரயில் பெட்டி, பூங்கா, கடற்கரை எல்லாம் திறக்கும்.

எங்களுடையது கலப்பு வம்சம்; எங்கள் வீடுகளில் ஒரே வயிற்றில் எல்லா நிறமும் பிறக்கும். பெர்டா அப்பாவைப் போல நல்ல கறுப்பு. அவளுடைய ஒரு வயதுப் பெண் யூலாலிக்கோ பால் நிறம், வைக்கோல் முடி. பெர்டா வெள்ளை ஏப்ரனும் தொப்பியும் தைத்தாள். தள்ளுவண்டியில் மகளை உட்கார வைத்தாள்.

"மாட்டிக்கிட்டன்னா?" என்றார் ஃப்ளோரியன்.

"வேலைக்காரி மூஞ்சிய யாருப்பா பாக்குறா?"

பதினோரு நாள் ஒருவரும் பார்க்கவில்லை.

"இன்னிக்கும் நண்டு போட்டாங்கப்பா. தொடல."

"ஊதுதா?"

"ஊதுது."

பன்னிரண்டாம் நாள் முட்டைச் சரங்கள் நடுங்க ஆரம்பித்தன. பெர்டா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் தொப்பி வைத்த ஒரு சீமாட்டி, பின்னால் காவலாளி. அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசியிராத யூலாலி, கையைத் தூக்கி, கூடம் அதிர, "மம்மா!" என்றாள்.

காவலாளி திரும்பினான். ஓடினால் சந்தேகம், நின்றால் குழந்தை மறுபடி கூப்பிடும். விஷயம் போலீசுக்குப் போனால் குழந்தை எந்த நிறம் என்று விசாரித்து, தாயிடமிருந்தே பிரித்துவிடுவார்கள்.

சீமாட்டி கலகலவென்று சிரித்தாள். "எங்க வீட்டுலயும் இதே கூத்துதான். என் பொண்ணு வேலைக்காரியத்தான் மம்மாங்குறா. என்னப் பாத்தா அழறா!"

காவலாளிக்கும் சிரிப்பு வந்தது. "ஏ பொண்ணு, உன் பேரென்ன?"

"பெர்டாங்க."

"அதச் சொல்லிக் குடு. இவ அம்மா கேட்டா மனசு கஷ்டப்படாதா?"

"படும்ங்க. ரொம்பவே படும்ங்க," என்றாள் பெர்டா. பிறகு குனிந்து, "பெர்டா சொல்லு, கண்ணு. பெர்... டா."

"பெத்தா!"

காவலாளி பெப்பர்மிண்ட் மிட்டாய் ஒன்றைக் குழந்தையின் வாயில் போட்டான். இன்னொரு தடவை, இன்னொரு பெப்பர்மிண்ட். ஐந்தாவதில் முட்டைகள் உடைந்தன. அரிசியளவு குஞ்சுகள், எட்டெட்டுக் காலோடு. தாய் வெளிறித் துவண்டு, அப்போதும் ஊதிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் ஃப்ளோரியன் கட்டிலில் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "கூப்பிடு அந்தக் குடிகாரப் பசங்கள!"

"எங்க பாத்தேன்னு கேப்பாங்களேப்பா."

கிழவர் திரும்பத் தலையணையில் சாய்ந்துகொண்டார். "சரி, நீ பாத்தல்ல? போதும்." இரண்டு வாரத்தில் போய்விட்டார், துறை கடைசிவரை அவரை ஊதல் என்றே சொல்லிற்று.

யூலாலியைத் திருத்த வீட்டில் தேன் பலகாரமெல்லாம் செய்து பார்த்தார்கள். தின்றுவிட்டு, "பெத்தா!" என்றாள். பெப்பர்மிண்டை எதுவும் ஜெயிக்கவில்லை.

"அதுக்கப்புறம் ஒரு தடவகூட மம்மான்னு கூப்பிடலயா, பெர்டா?" என்று கேட்டேன்.

"அந்த ஒரு தடவதான்," என்றாள். "அன்னிக்கு நான்தான் 'என்ன கண்ணு'ன்னு திரும்பிக் கேக்கல."